ஒன்பதாம் இடத்துக்கு ஒரு இருக்கை

கிரான்பெர்க்
20 ஜனவரி 1984

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

அண்ணன் ஹில்டிங் எழுதுவது. நானும் உன் அண்ணி மெர்தாவும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நேற்றுக் காலை மைனஸ் முப்பத்தொன்று. கதவைத் திறக்கத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அங்கே தெற்கே பூரோஸில் வழக்கம்போல மழைதான் பெய்துகொண்டிருக்கும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய மேசைவிரிப்பை மெர்தா இன்னும் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள். நான் காபி சிந்திவிடுவேனாம்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போனில் கேட்கலாம் என்றால், நாற்பது வருடம் துப்பாக்கி வெடித்த காது இது. உன் குரல் அதில் வெறும் இரைச்சலாகத்தான் விழுகிறது.

எனக்கு ஓர் இருக்கை வேண்டும். வேட்டையில் உட்காருவதற்கு. சிரிக்காதே. இத்தனை வருடமும் அடிமரக்கட்டையின் மேல் நாலு ஸ்ப்ரூஸ் மரக் கிளையை ஒடித்துப் போட்டு, பனிமான் தோலை விரித்து உட்கார்ந்தவன்தான் நான். இப்போது இடது இடுப்பு மக்கர் பண்ணுகிறது. ஒரு மணி நேரம் ஆனதும் கால் மரத்துப்போகிறது. இது எப்படியோ எங்கள் வேட்டைக் குழுத் தலைவன் அல்வாரின் காதுக்கும் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் நிறுத்திச் சொன்னான்:

"ஹில்டிங், கொம்பு ஊதற வரைக்கும் ஒரே இடத்துல உக்கார முடியாதவன் பேரை இந்த வருஷம் இடம் பிரிக்கிற குலுக்கல்ல போட மாட்டேன். அது நீயா இருந்தாலும் சரி, எங்க அப்பனா இருந்தாலும் சரி."

அவன் அப்பா செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஆகவே அது எனக்குச் சொன்னதுதான்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தால், எழுந்திருக்கலாம் என்று கொம்பு ஊதப் பத்தரை ஆகும். நான்கு மணி நேரம். அது முடியாது என்றால் என்னை நெருப்புப் பக்கம் உட்காரவைத்து மற்றவர்களுக்குக் காபி போடச் சொல்வார்கள். அறுபத்து மூன்று வயதில் அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

தபால் வழி விற்கிற கடைகள் எல்லாம் உங்கள் ஊரில்தானே இருக்கின்றன. போய்ப் பார். எடை ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சத்தமே வரக் கூடாது. சதுப்பில் கால் புதையக் கூடாது. உட்கார்ந்தபடியே இடமும் வலமும் திரும்ப முடிய வேண்டும்.

மெர்தா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஹில்டிங்


பூரோஸ்
5 பிப்ரவரி 1984

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதாக இல்லை. உன் இடுப்பைப் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. நீ இருக்கை கேட்கிறாய் என்று படித்தபோது என் இருக்கையிலிருந்து நான் விழப் பார்த்தேன். நான் அங்கே வரும்போதெல்லாம் குஷன் வைத்த நாற்காலியை "பட்டணத்துக்காரங்க பின்பக்கத்துக்கு" என்று ஒதுக்குகிற ஆள் நீ!

சனிக்கிழமை மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் ஒவ்வொரு இருக்கையிலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். விற்பனைப் பையனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இது உங்களுக்கா?"

"இல்லப்பா, எங்க அண்ணனுக்கு."

"அவர் எவ்வளவு எடை இருப்பார்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அதோடு அவன் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டான்.

கண்டது இதுதான். மூன்று கால், மேலே முக்கோணத் தோல்: எடை குறைவு, சத்தமில்லை, ஆனால் ரொம்பத் தாழ்வு. எழுந்திருக்க உனக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அடுத்தது முதுகுப்பையோடு சேர்ந்த மடக்கு நாற்காலி: சொகுசு, ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல். கடைசி, அலுமினிய மடக்கு முக்காலி: தொள்ளாயிரம் கிராம், முழங்கால் உயரம், கேன்வாஸ் இருக்கை. எனக்குத் தெரிந்து இதுதான் உனக்குச் சரி. சொன்னால் வாங்கி அனுப்புகிறேன்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் ஸ்டெல்லனை விசாரிப்பாய். இந்தமுறை என் மகன் பேரே இல்லை. வயசாகிறது, மறந்திருப்பாய். அவன் போன செப்டம்பரில் உங்களிடமிருந்து திரும்பியதிலிருந்தே சரியில்லை. துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டியவன்தான், எண்ணெய்கூடப் போடவில்லை. விற்கப் போகிறேன் என்கிறான். பதினெட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் உங்களோடு வேட்டைக்கு வந்தவன். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, அலுத்துப்போச்சு" என்கிறான். பஸ் பணிமனைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். அங்கே ஏதாவது நடந்ததா அண்ணா?

அண்ணிக்கு என் முத்தங்கள். மேசைவிரிப்பை விரிக்கச் சொல்.

அன்புடன்
சிக்னே


கிரான்பெர்க்
22 பிப்ரவரி 1984

அன்புள்ள சிக்னே,

நலம். நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். குளிர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நாய் யெப்பேக்குப் பின்னங்காலில் ஒரு முள், எடுத்தாயிற்று. அவனுக்கு இது கடைசி வருடமாக இருக்கும். நாய்களுக்கும் வயதாகிறது.

அலுமினியத்தையே அனுப்பு. முக்கோணத் தோல் வேண்டாம், நீ சொன்னது சரிதான். தாழ உட்கார்ந்தால் முழங்கால் மேலே ஏறி இடுப்பை மடக்கும், அதுதான் எனக்கு ஆகாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு விரல் மேலே இருந்தால் இன்னும் நல்லது. கால்களின் அடியில் ரப்பர் குமிழ் இருக்கிறதா, தகடு இருக்கிறதா என்று பார். சதுப்பில் குமிழ் உதவாது, தகடுதான் வேண்டும். கேன்வாஸ் என்ன நிறம்? பளபளவென்று இருந்தால் கரியைத் தேய்த்துக்கொள்வேன்.

இளவயதுக்காரர்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கும், நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஹில்டிங்

கீழே நான் மெர்தா. சிக்னே, உன் அண்ணன் அலாரம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு முக்காலியிலும் உட்கார்ந்து பார்க்கிறார். பால் கறக்கிற முக்காலி ஐம்பத்தைந்து நிமிடம். குளியலறை முக்காலி ஒரு மணி ஐந்து. "என்னங்க, முட்டை போட்டாச்சா?" என்று கேட்டேன். மூன்று நாளாகப் பேச்சில்லை.


பூரோஸ்
18 மார்ச் 1984

அன்புள்ள அண்ணா, அன்புள்ள அண்ணி,

இருவரும் சௌக்கியம்தானே? அண்ணியின் முட்டையை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன்.

முக்காலியை வெள்ளிக்கிழமை தபாலில் போட்டேன். காலில் தகடு உண்டு. நிறம் பாசிப்பச்சை.

தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வர ஸ்டெல்லனைக் கூப்பிட்டேன். பெட்டியைத் தூக்கினான், வாசல்வரை வந்தான். "என்னம்மா இது?" என்றான். சொன்னேன். பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டான்.

"மாமாவுக்கு இருக்கையா? அவர் உக்கார்ற ஆளா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அது சிரிப்பு இல்லை, நான் பெற்றவள், எனக்குத் தெரியும். பெட்டியை நானே சுமந்தேன். முழங்கால் இன்றுவரை திட்டுகிறது.

போன கடிதத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ அலுமினியக் கால் தகட்டைப் பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறாய். என் கேள்விக்கு ஒரு வரி, அதுவும் பதில் இல்லை. உங்கள் இருவருக்கும் சண்டையா? சண்டை என்றால் சொல், இரண்டு பேரையும் திட்டுகிறேன், தீர்ந்துபோகும்.

அன்புடன்
சிக்னே


கிரான்பெர்க்
6 மே 1984

அன்புள்ள சிக்னே,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போயிற்று. கொட்டகைக் கூரையில் வேலை இருந்தது. நலமாக இருக்கிறோம்.

முக்காலிக்கு நன்றி. ஏப்ரலில் பனி இறுகிக் கிடந்த ஒரு காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போன வருடம் எனக்கு விழுந்த இடத்துக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நடக்கும்போது லேசுதான். ஆனால் உடம்பைக் கொஞ்சம் சாய்த்தாலும் மடக்கும் இடத்தில் கிறீச் என்கிறது. மூஸுக்கு அது தேவாலய மணி. சாய முதுகில்லை. எனக்குப் பின்னால் இருப்பது ஒரு கிழட்டு பைன் மரம்தான், முக்காலியை அதோடு ஒட்டிப்போட்டால் வேர் தட்டி ஆடுகிறது. பனி உருகிய பிறகு கொட்டகைக்குப் பின்னால் சதுப்பில் போட்டுப் பார்த்தேன், தகடு இருந்தும் ஒரு கால் மட்டும் புதைந்து என்னைச் சாய்த்தது.

ஒரு மணி ஐம்பது நிமிடம் தாங்கினேன். பிறகு எழுந்துவிட்டேன்.

அது போதாது சிக்னே. நான்கு மணி நேரம், ஒருமுறைகூட எழாமல், ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் உட்கார வேண்டும். வெளியாட்களுக்கு இது புரியாது. பக்கத்து இடத்தில் இருப்பவன் நான் எங்கே இருக்கிறேன் என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டுதான் எந்தப் பக்கம் சுடலாம் என்று முடிவு செய்கிறான். நான் நகர்ந்தால் அவன் கணக்கு எல்லாமே தப்பு. கொம்பு ஊதும் வரை எழக் கூடாது என்று அல்வார் கத்துவது சும்மா இல்லை.

ஆகஸ்ட் 12 அன்று சுடுகளத்தில் கூட்டம். அங்கேதான் யார் யார் பேர் குலுக்கலில் என்று முடிவாகும். அதற்குள் ஒரு வழி வேண்டும். வேறு ஏதாவது பார்த்தாயானால் எழுது.

ஹில்டிங்


பூரோஸ்
17 மே 1984

அன்புள்ள அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. மனம்தான் இல்லை.

முதலில் இருக்கை. கடையில் இருப்பதெல்லாம் கால் வைத்ததுதான். கால் இருந்தால் புதையும், மடங்கினால் கிறீச்சிடும். பைன் மரம் பின்னால் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்புறம் கால் எதற்கு? மரத்தைச் சுற்றி ஒரு பட்டை, அதில் தொங்கும் ஒரு துணி. அவ்வளவுதான். முப்பது வருடம் துணி வெட்டியவளுக்கு இது தோன்ற மூன்று மாதம் ஆனதே என்று வெட்கமாக இருக்கிறது. தொழிற்சாலையில் கூடாரத்துணி மிச்சம் கேட்டு வாங்கி நானே தைத்திருக்கிறேன். அறுநூற்றைம்பது கிராம். உயரத்தைப் பட்டையில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மரம்தான் முதுகு. பாதம் தரையில் இருக்கட்டும். முன்விளிம்பில் கம்பளிச் சுருள் வைத்துக் கீழ்ப்பக்கம் வளைத்திருக்கிறேன். உன் கால் மரத்துப்போவது இடுப்பால் மட்டும் இல்லை, விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தி ரத்தத்தை நிறுத்துவதாலும்தான். இதே பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

இரண்டாவது. கத்தரிக்கோல் தேடி ஸ்டெல்லனின் மேசையைத் திறந்தேன். அல்வார் அவனுக்கு எழுதிய கடிதம் இருந்தது. நவம்பர் தேதி. ஒரு மனிதன் மேல் துப்பாக்கி முனையைத் திருப்பியதற்காக ஒரு வருடம் குழுவிலிருந்து நீக்கம். அந்த மனிதன் யார் என்று எழுதியிருக்கவில்லை.

என் மகன் அப்படிச் செய்கிறவனா? பத்து வருடம் அவனோடு வேட்டைக்குப் போனவன் நீ. குழுவில் பதினாலு பேர். யார் மேல் திருப்பினான்? ஏன் நீ எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை? "ஓர் அடிகூட எடுத்து வைக்காமல்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு அடியில் ஏன் கோடு போட்டாய்?

பதில் போடு. இருக்கையைப் பற்றி இல்லை.

சிக்னே


கிரான்பெர்க்
14 ஜூன் 1984

அன்புள்ள சிக்னே,

மெர்தா எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே கொசுக்கள் நலம்.

உன் பெட்டி வந்தது. கடிதமும் வந்தது. கடிதத்தை அவர் வாசித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், எனக்குக் காட்டவில்லை. பிறகு உன் இருக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைப் பக்கத்து பைனில் கட்டினார். அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார். துப்பாக்கி இல்லை, நாய் இல்லை. கொசு முகத்தை மொய்க்கிறது, கையைத் தூக்கி விரட்டுவதுகூட இல்லை. அண்டை வீட்டுக்காரி கேட்கிறாள், "உங்க வீட்டுக்காரர மரத்துல கட்டிப் போட்டிருக்கியா மெர்தா?" என்று.

முந்தாநாள் நான்கு மணி பத்து நிமிடம் உட்கார்ந்தார். நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நேராக நடந்து வந்தார், நொண்டவே இல்லை. "ஜெயிச்சிட்டீங்க!" என்றேன், விசேஷ நாளில் போடுவதுபோலக் காபியில் பாலாடைக்கட்டி போட்டுக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது சிக்னே.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எனக்கும் சொல். முப்பத்தாறு வருடம் இவரோடு இருக்கிறேன், இந்த ஊமைத்தனம் புதிது.

அன்புடன்
மெர்தா


கிரான்பெர்க்
9 ஜூலை 1984

அன்புள்ள சிக்னே,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு முகமில்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

அந்த மனிதன் நான்தான்.

போன செப்டம்பர், வேட்டையின் மூன்றாம் நாள். குலுக்கலில் எனக்கு ஒன்பதாம் இடம் விழுந்தது, ஸ்டெல்லனுக்கு எட்டு. நடுவே சதுப்பு. ஒன்பதரை மணிக்கு என் கால் செத்த கால் ஆகிவிட்டது. நாய் குரைப்பு தூரத்தில் கேட்டது, மூஸ் இந்தப் பக்கம் வராது என்று நினைத்தேன். தொப்பிக்குள் வியர்த்தது, ஆள் என்று தெரிவதற்காகச் சிவப்புப் பட்டை வைத்த அந்தத் தொப்பியைக் கழற்றிக் கட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தேன். காலை உதற நடந்தேன். ஸ்ப்ரூஸ்களுக்கு நடுவே ஒரு முப்பது அடி போயிருப்பேன். பழுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன்.

திரும்பியபோது சதுப்புக்கு அந்தப் பக்கம் அவன் துப்பாக்கியைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே இறக்கிவிட்டான். நான் கட்டைக்குத் திரும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கொம்பு ஊதியது.

நெருப்பைச் சுற்றி எல்லாரும் கூடியதும் அவனாகவே எழுந்து சொன்னான், "நான் மாமா மேல துப்பாக்கிய திருப்பிட்டேன்" என்று. அல்வார் என்னைக் கேட்டான்:

"நீ உன் இடத்துலதான இருந்த?"

"ஆமா" என்றேன்.

ஒரு வார்த்தைதான். யோசித்துச் சொன்னதில்லை, வாய் சொல்லிவிட்டது. நாற்பது வருடமாக இடத்தை விட்டு எழாதவன் என்று பேர் வாங்கியவன், பதிமூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி இல்லை என்பேன்? அவன்தான் திசை தப்பி என் இடத்தை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பிவிட்டான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். மறுப்பே சொல்லவில்லை, தட்டை ரொட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் ரயிலேறிவிட்டான்.

நல்ல இருக்கை கிடைத்து நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அது நடக்காதது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது. உட்கார்ந்தும் விட்டேன். ஆகவில்லை.

ஹில்டிங்


பூரோஸ்
16 ஜூலை 1984

அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

நீ நகர்ந்தாய், அது கால் செய்த தப்பு. அதை நான் அன்றே மன்னித்திருப்பேன், அவனும் மன்னித்திருப்பான். ஆமாம் என்றாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு வருடம் என் பிள்ளை தன் கையையே நம்பாமல் இந்த வீட்டில் நடமாடியிருக்கிறான். நான் என்னடா என்றால், அவனைத் துரத்திவிட்ட இடத்தில் நீ சுகமாக உட்கார வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தையல் மெஷினில் குனிந்திருந்தேன். கம்பளிச் சுருள் வேறு வைத்தேன்!

என்னிடம் சொல்லி என்ன? நான் அல்வார் இல்லை. ஆகஸ்ட் 12 கூட்டத்தில் சொல். அதே ஆட்கள் முன்னால் சொல். அண்ணியிடம் அதற்கு முன்னால் சொல், அவள் ஊரார் வாயிலிருந்து கேட்க வேண்டாம். ஸ்டெல்லனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வேலை.

அது முடிகிற வரை எனக்கு எழுதாதே.

சிக்னே


கிரான்பெர்க்
13 ஆகஸ்ட் 1984

அன்புள்ள ஸ்டெல்லனுக்கு,

மாமா எழுதுவது. நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று சுடுகளத்தில் கூட்டம். ஓடுகிற மூஸ் படப் பலகையைக் குறிவைத்து எல்லாரும் சுட்டு முடித்து, அல்வார் பேர்ப் பட்டியலை எடுத்தபோது நான் எழுந்து சொன்னேன். போன வருடம் நான் என் இடத்தில் இல்லை, தொப்பி இல்லாமல் காட்டுக்குள் நடந்தேன், ஸ்டெல்லன் திசை தப்பவில்லை, அல்வார் கேட்டபோது நான் பொய் சொன்னேன். இப்படியே, இதே வரிசையில் சொன்னேன். முதல்நாள் இரவெல்லாம் மெர்தாவிடம் சொல்லிப் பழகியிருந்தேன். அவள் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள்.

பிறகு அல்வார் கேட்டான்:

"ஏன்டா ஹில்டிங், அந்தப் பையன் ஒரு வருஷம் சும்மா வீட்டுல கிடந்தானே, உனக்கு சோறு இறங்குச்சா?"

"இறங்குச்சு" என்றேன். அதுதான் உண்மை.

உனக்குக் கொடுத்த அதே ஒரு வருடம் எனக்கும். துப்பாக்கி இல்லை, நெருப்புப் பக்கம் காபி. உன் நீக்கத்தை அடித்துவிட்டார்கள், உன் பேர் இப்போதே பட்டியலில் இருக்கிறது. நான் பொய் சொன்னேன் ஸ்டெல்லன், நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்கவில்லை என்றாலும் எனக்குப் புரியும்.

வேட்டை மூன்றாம் தேதி. உன் அம்மா தைத்த இருக்கை நன்றாகவே இருக்கிறது. எந்த இடம் விழுந்தாலும் நீ எடுத்துக்கொள்ளலாம்.

மாமா
ஹில்டிங்


பூரோஸ்
22 ஆகஸ்ட் 1984

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. அம்மாவிடம் கொடுத்தேன், படித்தாள், நீங்கள் ஜூலையில் அவளுக்கு எழுதியதை எனக்குக் காட்டினாள், மூக்கைச் சிந்திக்கொண்டே உங்களுக்குப் புதிதாக ஏதோ தைக்க ஆரம்பித்திருக்கிறாள். உங்களுக்கு இனி அவளிடமிருந்தும் கடிதம் வரும்.

நான் திசை தப்பிவிட்டதாக நினைத்தேன் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறீர்கள். இல்லை மாமா. துப்பாக்கித் தொலைநோக்கியில் உங்கள் முகத்துக்குப் பின்னால் பைன் மரமும் தெரிந்தது, கட்டையும் அதன் மேல் தொப்பியும் தெரிந்தன. சிவப்புப் பட்டைகூடத் தெரிந்தது. முப்பது அடி இல்லை, நாற்பதுக்கு மேல். அல்வார் உங்களைக் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் ஆமாம் என்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் உங்கள் காபிக் கோப்பையைப் பார்த்தீர்கள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீங்கள் யோசிப்பீர்கள். உங்கள் மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் ஒளிக்க ஒன்று இருந்தது.

பழுப்பாக ஏதோ அசைந்ததும், அது என்ன என்று தெரியாமலே துப்பாக்கியைத் தூக்கினேன். திருப்பினேன் என்று மட்டும்தான் நெருப்பருகில் சொன்னேன். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிவிட்டதையும், என் விரல் விசையின் மேல் இருந்ததையும் சொல்லவில்லை. நீங்கள் அந்த நேரம் முகத்தைத் திருப்பியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் தெரியும். நீங்கள் பொய் சொன்னதும் எனக்கு வசதியாகப் போயிற்று. உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கலாம், இதை நினைக்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுந்து நின்று சொல்லிவிட்டீர்கள். அதனால் நானும் இன்று அல்வாருக்கு எல்லாம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவர்கள் என்ன முடிவு செய்தாலும் சரி. அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை, அதை நானே சொல்கிறேன், நீங்கள் எழுதிவிட வேண்டாம்.

இந்த வருடம் வர மாட்டேன். அடுத்த வருடம் குலுக்கலில் உங்கள் பேர் திரும்ப வரும்போது என் பேரையும் போடச் சொல்லுங்கள். எட்டும் ஒன்பதுமாகவே விழுந்தாலும் எனக்குச் சம்மதம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஸ்டெல்லன்